முழு மாத்திரை

காலை ஏழு. ஹாப்சலுவில்
கடல் இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
மாத்திரை மஞ்சள் நிறம், இதய வடிவம்.
இதைச் செய்தவனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு,
அல்லது கொஞ்சமும் இல்லை.
நடுவில் உடைத்துப் பாதியை விழுங்குகிறேன்.

எண்பத்தெட்டில் ஓடுவது
அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டுமாம்.
"துடிக்கும்போது இதயம் சாப்பிடுவதில்லை, வெல்லோ,"
என்றார் டாக்டர் உர்வே.
"ஓயும் நேரத்தில்தான் அதன் சொந்தக் குழாய்களில்
ரத்தம் இறங்குகிறது.
உங்கள் குழாய்களோ குறுகல்.
அந்த ஓய்வைக் கொஞ்சம் நீட்டுகிறோம்."

ஓய்வு எனக்குத் தெரியும், டாக்டர்.
பதினெட்டு வருடம் கைத்துப்பாக்கியோடு
அதற்குள்தான் குடியிருந்தேன்.
ஐம்பது மீட்டரில் கறுப்பு வட்டம்.
பாதி மூச்சில் நிறுத்தி,
ஒரு துடிப்பு குழல்முனையை உலுக்கிவிட்டுப் போனபின்
அடுத்தது வருமுன்
விரல் வேலையை முடித்துவிட வேண்டும்,
சாத்துகிற கதவிடுக்கில் கைவிட்டு எடுப்பதுபோல.

கல்யுவுக்கு மட்டும் அந்தக் கதவு
நிதானமாகச் சாத்தியது.
அவன் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்தவன் நான்.
நடுவர்களிடம் போய்ச் சொன்னவனும் நான்.
மூன்றாம் இடத்திலிருந்து அவனை எடுத்தார்கள்,
நான்காவது நின்ற என்னை வைத்தார்கள்.
வெண்கலம்
கையுறைகளுக்குப் பின்னால் எங்கோ கிடக்கிறது.

இப்போது விரல்நுனிகள் சில்லென்றிருக்கின்றன.
மூன்றாம் மாடிக்கு ஏறினால் நெஞ்சு பிடிப்பதில்லை.
நேற்று பனியில் கார் சறுக்கி
விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.
நான் பயந்தேன். இதயம் பயப்படவில்லை.
தந்தி போய்ச் சேராத ஊர்போல
அது பாட்டுக்கு இருந்தது.

இரவு கல்யு போன் செய்தான்,
முப்பது வருடத்துக்குப் பிறகு.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"எவ்வளவு போடுகிறாய்?"
"பாதி."
"எனக்கு முழுசு," என்றான்.
"அன்றைக்கும் உனக்கு மேலேதான் இருந்தேன்."

சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
கம்பியில் அவன் மூச்சு மட்டும்.
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஐம்பத்தெட்டு.
என் வாழ்நாளில் இத்தனை அகலமான இடைவெளி
எனக்குக் கிடைத்ததில்லை.
சொல்ல வேண்டிய சொல்லைக் குறிபார்த்து,
மூச்சை நிறுத்தி,

துடித்துவிட்டது.

"பனி உடையுமுன் ஒருநாள்
மீன் பிடிக்க வாயேன்," என்றான் கல்யு.
"துளை நானே போடுகிறேன்.
நீ ஸ்டூல் மட்டும் கொண்டு வா."