ஒரு வாளி ஃபயால்

மார்த்தினிக்கில் நங்கூரம் தூக்கியபோது
உலகம் திறந்திருந்தது.
இருபத்து மூன்று நாள் கழித்து
ஓர்த்தா துறைமுகத்தின் வானொலியில்
ஒரு பெண் குரல், மன்னிப்புக் கேட்கிற தொனியில்:
"இறங்க அனுமதி இல்லை. மஞ்சள் கொடி ஏற்றுங்கள்."

நான் சொன்னேன்,
இருபத்து மூன்று நாளாகப்
பறக்கும் மீனைத் தவிர எதுவும் என்மேல் மோதவில்லை.
"கடலில் இருந்தது கணக்கில் வராது அம்மா.
இன்றிலிருந்து ஒன்று."

ஒன்று என்று எழுதினேன்.

எதிர்த் தீவில் பீக்கோ மலை
மேகத்தைத் தொப்பியாகப் போடும், கழற்றும்,
அதற்கும் வேறு வேலை இல்லை.
இந்தப் பக்கம் ஒரு தெரு. தெருவில் ஒரு கடை.
கடை வாசலில் ஒரு நாற்காலி.
தொலைநோக்கியில் அந்த நாற்காலியைப்
பதினோரு நாள் பார்த்தேன்.
பன்னிரண்டாம் நாள் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது.
செய்தி படகு படகாகப் பரவிற்று.

முப்பத்தொரு படகுகள்.
காற்று மாறினால் எல்லாரும் ஒன்றாகத் திரும்புவோம்,
வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்ததுபோல.
டச்சுத் தம்பதி ஒரு திங்கட்கிழமை பேச்சை நிறுத்தினார்கள்;
பதினோரு மீட்டர் படகில் அது லேசான காரியமில்லை.
எர்வான் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டு
மூன்று நாள் வெளியே வரவில்லை.
இரவில் ககாரு பறவைகள் குன்றுக்குத் திரும்பும்,
பசித்த குழந்தைகள் சண்டை போடுகிற குரலில்.
அவற்றுக்கு அனுமதி இருந்தது.

என் படகின் பெயர் சாய்க்கா.
போலிஷ் மொழியில் ஆள்காட்டிக் குருவி.
ஆளே நடமாடாத ஊருக்கு எதிரே நின்று
யாரைக் காட்ட?

வானொலிக் குரலின் பெயர் தியோலிந்தா.
திரைச்சீலைத் துணியில் தைத்த முகக்கவசம்,
ஆரஞ்சுப் பூப் போட்டது.
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வலைக்கோல் நுனியில் வரும்,
காசு வினிகர்ப் புட்டியில் முங்கிப் போகும்.
ஒருநாள் உருகுவேக்காரர் ஒமேரோ கேட்டார்,
தனக்கு ஒன்றும் வேண்டாம், நாய்க்கு
ஒரு வாளி மண்.
"ஐம்பத்தெட்டு நாளாகப் பிளாஸ்டிக் புல்லில் ஒன்றுக்குப் போகிறது.
போய்விட்டு என் முகத்தைப் பார்க்கிறது."

மறுநாள் வந்தது.
எரிமலை மண். கறுப்பு. ஈரம்.
ஓரத்தில் கொஞ்சம் புல், ஒரு மண்புழு.
யார் தோட்டம் என்றதற்கு
"என் உருளைக்கிழங்குக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

நாய் மோந்தது. சுற்றி வந்தது.
காலைத் தூக்கவில்லை.
மோவாயை மண்மேல் வைத்துப் படுத்துக்கொண்டது.

பிறகு வாளி ஊர் சுற்றியது,
துடுப்புப் படகில், படகுக்கு ஓர் இரவு.
எர்வான் வானொலியில் வந்தான்:
"மூக்கெல்லாம் மண். மூக்கெல்லாம் மண். ஓவர்."
டச்சுக்காரர்கள் இரண்டு இரவு வைத்திருந்தார்கள்,
யாரும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் காலை அங்கே சண்டைச் சத்தம்;
ஆக, பேச்சு திரும்பிவிட்டது.

என்னிடம் வந்த இரவு
விளக்கை அணைத்தேன். செருப்பைக் கழற்றினேன்.
அறுபத்து நான்கு வயதுக்காரி
பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு
வலது காலை வைத்தேன்.
இடது காலுக்கு இடமில்லை.
மாற்றி வைத்தேன்.
படகு ஆடியது, வாளி ஆடியது.
உள்ளங்காலுக்குக் கீழே மட்டும் ஆடவில்லை என்று
ஒரு நிமிடம்
எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.

கரையிலிருந்து படகுக்குப் போனது
கரைக்குத் திரும்பக் கூடாதாம்.
தியோலிந்தா விதியை வாசித்தாள், சிரிக்காமல்.
புறப்பட உத்தரவு வந்த அன்று
வாளி என் முறையில் இருந்தது.

ஜூன் மாதம், க்தினியா.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு பையன் படிவத்தை நீட்டினான்.
மண், விதை, செடி ஏதும் உண்டா?
இல்லை.
கடைசியாகக் கால் வைத்த நிலம்?
பேனா நின்றது.
பின்னால் யாரோ இருமினார்கள், வரிசை விலகியது.
மார்த்தினிக் என்று எழுதினேன்.
அடித்தேன்.
மிச்சமிருந்த கட்டம் மிகச் சிறியது,
ஒரு காலுக்குத்தான் இடம்.