ஐம்பது அடி

கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
ஐம்பது அடி இருக்க வேண்டும்.
செயின்ட் பாலிலிருந்து வந்த அச்சுத்தாளை
எழுத்தர் இரண்டு முறை வாசித்தார்.
தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் மாடியில்
ஐந்து பேர் கை தூக்கினார்கள்.
ஐந்தாவது கை கொஞ்சம் தாமதம்.
அதில் புகைக்குழாய் இருந்தது.

எனக்கு மாதம் நாலு டாலர்,
ஒரு பித்தளை வில்லை,
அறுபத்தாறு அடிச் சங்கிலி.
மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை;
ஊராட்சி அதற்குப் பணம் ஒதுக்கவில்லை.
ஒரு முனையைக் கிணற்றுச் சட்டத்தில் மாட்டிவிட்டுப்
பின்பக்கமாக நடப்பேன்.
வீட்டுக்காரர்கள் ஜன்னலில் வந்து நிற்பார்கள்,
எதில் விழப்போகிறேன் என்று பார்க்க.
ஏப்ரலில் இரண்டு முறை விழுந்தேன்.
எதில் என்று எழுதமாட்டேன்.

லாடம் அடிக்கும் யூல்: நாற்பத்தேழு, பன்றிப்பட்டி நீங்கலாக.
லூத்தரன் குருமனை: ஐம்பத்திரண்டு.
தையல்காரி ரக்னா ஸ்டென்ஸ்லி: நாற்பத்தொன்று.

அவள் வாதாடவில்லை.
ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல்
புதுக் குழி தோண்டினாள்,
பழைய பலகைகளை ஆணி பிடுங்கிச் சுமந்தாள்.
"ஒன்பது அடி, ஹால்வோர்.
ஜனவரி இரவில் வா,
அந்த ஒன்பது அடியை நீயும் நடந்து பார்."

பிறகு தலைவர் வீடு.
மருந்துக்கடை ஓஸ்மண்ட் ட்வெய்ட்.
முப்பத்தெட்டு.
சங்கிலியில் சிக்கு இருக்கிறதா என்று உதறினேன்.
முப்பத்தெட்டு.
அடிமேல் அடி வைத்துக் காலாலும் அளந்தேன்.
எதுவும் நகரவில்லை.
அவர் என் தோளில் கை போட்டுக்
கடைக்குள் அழைத்துப்போனார்.
எலுமிச்சை சோடா, காசு வாங்கவில்லை.
கண்ணாடிக் கோப்பை வியர்த்திருந்தது.
நானும்தான்.

மே மாதக் கூட்டம்:
'ஐம்பது' என்று வரும் இடத்தில்
'முப்பத்தைந்து' என்று படித்துக்கொள்ளவும்.
காரணம்: நம் ஊர்க் களிமண் தனி ரகம்,
எதையும் கசியவிடாது.
எழுத்தரின் கையெழுத்து அன்றைக்கு
வழக்கத்தைவிட அழகாக இருந்தது.
பின்வரிசையில் ரக்னா எழுந்து கேட்டாள்:
"அப்படியானால் என்னுடையதைத் திரும்ப
எடுத்து வைத்துக்கொள்ளலாமா?"
சிரித்தார்கள். குறிப்பேட்டில் அது இல்லை.
அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை நான்காம் தேதி வெயில்
வாத்தியக் குழுவின் கம்பளிச் சட்டைகளை நனைத்தது.
அணிவகுப்பு முடிந்ததும் எல்லாருக்கும் சோடா,
தலைவர் செலவில், தலைவர் கிணற்றில்.
நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

இருபதாம் தேதிக்குள் கார்னெட் ஊதுபவன் படுத்தான்.
பிறகு முரசுக்காரச் சகோதரர்கள் இருவரும்.
பிறகு தலைவரின் மகள் சீக்ரிட்;
அவள் பிழைத்தாள், முடியெல்லாம் கொட்டி.
டைஃபாய்டு என்று மஞ்சள் அட்டையில் எழுதி
பதினொரு கதவுகளில் ஆணி அடித்தேன்.
நாலு கதவுகளில் அதைக் கழற்றுவதற்குள்
கறுப்புத் துணி வந்துவிட்டது.

எனக்கு ஒன்றும் வரவில்லை.
மருத்துவரிடம் ஏன் என்று கேட்டேன்.
வயிற்றைத் தட்டிப் பார்த்தார்,
நாக்கை நீட்டச் சொன்னார்,
"போய் வேலையைப் பார்" என்றார்.

செப்டம்பரில் மறுபடி ஐம்பது.
ஐந்து கைகளும் ஒன்றாக எழுந்தன.
யாரும் எதுவும் பேசவில்லை.
வெளியே மக்காச்சோள வண்டிகள் போகும் சத்தம்
மாடிவரை கேட்டது.

மறுநாள் விடியுமுன்
ட்வெய்ட் வீட்டிலிருந்து ஆள் வந்தது.
மண்வெட்டியோடு அவரே நின்றிருந்தார்,
மருந்துக்கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல்.
கிணற்றை நிரப்பி மூடினாலும்
அளந்துதான் தோண்டுவாராம்.
குனிந்து சங்கிலியின் மறுமுனையை எடுத்தார்.
இந்த வேலையில்
மறுமுனையை ஒருவர் பிடித்தது அதுதான் முதல்முறை.

நடந்தார். முப்பத்தெட்டைத் தாண்டினார்,
ஐம்பதைத் தாண்டினார்.
"போதும் ஐயா" என்றேன்.
கேட்கவில்லையோ என்னவோ.
அறுபத்தாறில் சங்கிலி விறைத்து நின்றது.
அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார்.