எட்டு யூரோ

எவ்வளவு நேரம் தாங்கினாலும்
எட்டு யூரோதான்.
முதலிலேயே சொல்லிவிடுவேன்.
பத்தாவது நொடியில் எடுத்தாலும் எட்டு,
மூன்று நிமிடம் முழுக்க இருந்தாலும் எட்டு.
தலையாட்டிவிட்டுச் சட்டைக் கையை மடிக்கிறார்கள்.

தொட்டியில் பனிக்கட்டி மிதக்கும் நீர்.
அடியில் ஒரு சின்ன பம்பு
ஓயாமல் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும்,
விரல்களைச் சுற்றி வெதுவெதுப்பின் ஒரு படலம்கூட
குடியேறிவிடக் கூடாது என்று.
ஜன்னலுக்கு வெளியே தார்த்து நகரம்.
ஜனவரி. நாலரைக்கே இருட்டு.

பேருந்து ஓட்டும் காவ்ப்போ
பத்தொன்பதாம் நொடியில் உருவிக்கொண்டார்.
"காசு மாறாதே, பின் எதற்கு?"
அவரைத்தான் எங்கள் கணக்கு எதிர்பார்த்தது.
மற்ற எழுபத்து மூன்று பேரை அல்ல.

பல் மருத்துவம் படிக்கும் இல்மே
கெட்ட வார்த்தை சொல்லலாமா என்று அனுமதி கேட்டு,
சொல்லி,
நூற்றுப் பத்து வரை போனாள்.

ஹெல்துருக்கு மர ஆலையில் வேலை,
சுட்டுவிரல் பாதிதான்.
"முடிந்தது" என்றேன்.
"முடிந்ததா?" என்றார்,
ரயிலில் யாரோ தட்டி எழுப்பியதைப் போல.
கை வேகவைத்த நண்டாய்ச் சிவந்திருந்தது.

பிறகு படிவம்.
ஏன் கையை எடுக்கவில்லை?
ஆர்வம். பிடிவாதம். கூச்சம். ஆராய்ச்சிக்கு உதவ.
பேனாவை வெகுநேரம் பிடித்திருந்தார்,
நடுக்கத்தாலா யோசனையாலா தெரியாது.
எந்தக் கட்டத்தையும் தொடாமல் ஓரத்தில் எழுதினார்:
"நீங்கள் கடிகாரத்தையே பார்த்தீர்கள்.
ஒரு தடவையாவது நிமிர்வீர்கள் என்று இருந்தேன்."
கணினியில் அதற்கு இடம் இல்லை.
"பிற" என்று ஏற்றினேன்.

அன்றிரவு எல்லோரும் போன பிறகு
நானே கையை விட்டேன்.
முதலில் குளிர்.
அப்புறம் அது குளிர் இல்லை,
மணிக்கட்டு எலும்புக்கு வந்த பல்வலி.
மனம் இரண்டு கட்சிக்கும் வக்கீலாக வாதாடியது.
கை தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.
நாற்பத்தொன்றில் வெளியே கிடந்தது.
அதன் பிறகே
"போதும் என்று நான்தான் முடிவெடுத்தேன்" என்றது மனம்,
பத்திரத்தில் முன்தேதி போட்டுக்கொண்டு.

இரண்டாவது முறை விட்டபோது
கதவைத் தள்ளிக்கொண்டு லியூபா வந்தாள்,
துடைப்பானும் வாளியுமாக.
நார்வா ஊர்க்காரி. அவளுடைய எஸ்தோனியம் தடுமாறும்,
என்னுடைய ருஷ்யம் அதற்கு மேல்.
"என்ன செய்கிறாய், மாரெத்?"
"வேலை."
ஐம்பது தாண்டியது. அறுபது.
வலி கொஞ்சமும் குறையவில்லை.
அதற்கு ஒரு சாட்சி வந்திருந்தது, அவ்வளவுதான்.

ரப்பர் உறையைக் கழற்றினாள்.
கேட்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை,
என் கைக்குப் பக்கத்தில் தன் கையை இறக்கினாள்.
ருஷ்யத்தில் ஒரு வசவு.
அது மட்டும் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அவள் எடுக்கட்டும் என்று நான்.
நான் எடுக்கட்டும் என்று அவள்.
கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது,
என்ன மிஞ்சியது என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.
சிரிக்க ஆரம்பித்தோம்.
மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது,
துடைக்க ஆளுக்கு ஒரு கைதான்.

யார் முதலில் எடுத்தோம் என்று நினைவில்லை.
மேஜையில் கடிகாரம்
யாருக்காகவோ இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.
லியூபா தொட்டியைத் தூக்கிப்போய்ப்
பின்வாசல் பனியில் கவிழ்த்தாள்.
பனியில் ஒரு குழி விழுந்தது, சாம்பல் நிறத்தில்.

காலை ஒன்பதுக்கு அடுத்த ஆள்.
பள்ளிக்கூடச் சமையற்காரர். சுத்தமாக வெட்டிய நகங்கள்.
எட்டு யூரோ என்றேன். தலையாட்டினார்.
நிமிர்ந்து பார்த்தால் முடிவுகள் கெட்டுவிடும்.
கடிகாரத்தையே பார்த்திருந்தேன்,
முப்பது, முப்பத்தொன்று,
அவருடைய மூச்சு
என் காதுவரை வந்து நின்று
திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.