துணைக்கால்

பலகையில் ஓர் எழுத்துப் பிழையாம்.
மூன்று மொழிக்கு நடுவில் கிடக்கும் தமிழில்
"யுத்தத் தங்கி" என்று இருக்கிறது
ஏழு வருடமாய்.
கச்சேரியிலிருந்து யாரோ கடிதம் போட்டிருக்கிறார்.

கோப்ரல் விமலசிறி மோட்டார் சைக்கிளில்
ஸ்கந்தபுரம்வரை தேடி வந்தான்.
"மாஸ்டர், ஒரு எழுத்து மட்டும்.
வேற ஒண்டும் தொட வேணாம்."
ஓர் எழுத்துக்கு விலை சொல்லி எனக்குப் பழக்கமில்லை.
கடைப் பலகை என்றால் சதுர அடி,
செத்தவீட்டுப் பதாகை என்றால் தந்ததை வாங்குவேன்.
ஆயிரத்தி ஐந்நூறு என்றேன்.
தலையாட்டினான்.

முறிகண்டியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தி
கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால்
அடுத்த தரிப்பிடம் இதுதான் என்று
மாத்தறை பஸ்கள் பழகிவிட்டன.
சீமெந்துக் கட்டின்மேல்
புதுப் பச்சை பூசிக்கொண்டு நிற்கிறது.
குழலைப் பிடித்து ஒரு பொடியன் தொங்குகிறான்.
விழப்போகிறாய் என்று தாய் கத்துகிறாள்,
சிங்களத்தில்.
அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பச்சை சரியில்லை. எனக்கு நிறம் தெரியும்.
அன்றைக்கு அது சேற்று நிறம்.
வாய்க்காலைக் கடந்து
பயிற்றங்கொடிகளை மிதித்து வந்தபோது
சங்கிலியில் ஒரு சேலை சுற்றிக் கிடந்தது.
கொடியில் காயப்போட்ட சேலையாய்த்தான் இருக்கும் என்று
இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.
இதேதானோ தெரியாது.
இதற்கு ஒன்றுவிட்ட சகோதரமாயும் இருக்கலாம்.

முதலில் இது அவர்களுடையது.
பிறகு எங்கட பொடியள் பிடித்து ஓட்டினார்கள்.
அப்போதும் போய்ப் பார்த்தோம்,
வெயிலில் வரிசையில் நின்று,
சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள் நெற்றியில்.
தம்பி எக்கி எக்கிக்
குழலுக்குள் தன் பெயரைக் கூப்பிட்டான்.
திரும்பி வந்தது.
பெயர் மட்டும் இப்போதும் வரும்.
பிறகு மறுபடியும் அவர்களுடையது.
பலகை கடைசிக் கதையை மாத்திரம் சொல்கிறது.
அதைத் திருத்த என்னைக் கூப்பிடவில்லை.

பலகை இடுப்புயரம். குந்தவேண்டும்.
குந்த முடியாது எனக்கு.
இடதுபக்கத்தைக் கழற்றி
சங்கிலிச் சில்லில் சாய்த்துவிட்டு
நிலத்தில் இருந்துகொண்டேன்.
கோப்ரல் ஏ-ஒன்பது வீதியைப் பார்த்தான்.
கொஞ்ச நேரம் கழித்துக் குடையை விரித்தான்.
நிழல் பிடித்தது பலகைக்கா எனக்கா,
கேட்கவில்லை.

தூரிகையைத் தோய்த்தபிறகுதான் நிதானமாய் வாசித்தேன்.
யுத்தத் தங்கி.
தங்கி.
கொழும்பில் ஏதோ ஓர் அறையில்
தமிழ் தெரியாத ஒருவன்
தெரியாத்தனமாய்ச் சரியாக எழுதிவிட்டான்.
போன பிறகும் தங்கி,
கிணற்றில் தங்கி,
காணிக்குள் சிவப்பு நாடாவுக்கு அங்கால் தங்கி,
பாணுக்குப் போன பிள்ளை பிந்தினால்
வயிற்றுக்குள் தங்கி.
திருத்தினால்தான் பிழை.
தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விடலாம்.

ஆயிரத்தி ஐந்நூறு.
அரிசி ஐந்து கிலோவும் சொச்சமும்.

தாங்கி என்றால் பொறுப்பது, சுமப்பது.
தண்ணீர்த் தாங்கி. இடிதாங்கி.
சுமைதாங்கிக் கல் ஒன்று
எங்கள் ஒழுங்கைத் தலைப்பில் இருந்தது.
இதுதான் அதை நெரித்தது என்று சொல்லமாட்டேன்,
பார்க்கவில்லை.

த-வுக்கும் ங்-குக்கும் இடையில்
இடமே விடாமல் எழுதியிருந்தார்கள்.
ஒரு காலை எங்கே வைப்பது?
மூச்சை அடக்கி
மிக மெலிந்த காலாய்
ஒரு நெளிவு. ஓர் இறக்கம்.
கை நடுங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

"சரியா மாஸ்டர்?"
"எழுத்து சரி."

குழலிலிருந்து இறங்கிய பொடியன்
சில்லோடு சாய்ந்திருந்ததைக் கண்டான்.
தோல் நிறம்,
என்னைவிட ஒரு சுற்று வெள்ளை,
கீழே பாட்டா செருப்பு.
கோப்ரலிடம் ஏதோ கேட்டான்.
விமலசிறி உடனே பதில் சொல்லவில்லை.
எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும்:
இதுவும் இதனுடையதா என்று கேட்டிருக்கிறான்.

தாய் வந்து இழுத்துப்போனாள்.
கச்சான் கோது காலடியில் நொறுங்கியது.
பெயின்ட் காயவில்லை.
குடை இன்னும் விரிந்தபடி.