இடது வெளி

லொறி திருப்பும் மண் திட்டுதான் எங்கள் மைதானம்.
ஸ்டோருக்கு மேலே, நாலாம் நம்பர் மலைக்குக் கீழே.
மூங்கில் கம்பால் எல்லே அடித்தால்
பந்து பாதி வழியில் மூட்டத்துக்குள் நுழைந்துவிடும்.
அதன்பின் அது யாருடைய பந்தும் இல்லை.

புவிநேசன் மட்டும் ஓடுவான்,
காதை நம்பி.
'டொக்' என்றால் வாய்க்கால் வரை,
'டக்' என்றால் சவுக்கு மரங்களுக்கும் அப்பால்,
கம்பு முனகினால் முன்னால், முன்னால் என்று
தன்னையே ஏசிக்கொண்டு இறங்கி வருவான்.
வெளியே வரும்போது கையில் பந்து,
கெண்டைக்காலில் அட்டை.

நான் அவனுக்குப் பக்கத்தில், நடுவெளியில் நிற்பேன்.
அவனைவிட வேகமாக ஓடுவேன்.
இதை இங்கே எழுதி வைக்கிறேன்,
வேறு யாரும் எழுதப் போவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு பேஸ்போல் வந்தது,
பதின்மூன்று பேருக்கு நாலு கையுறையோடு.
அவனுக்குக் கிடைத்தது வலை கிழிந்தது;
சப்பாத்து நாடாவால் தைத்தான்.
மாவட்டத் தெரிவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.
முதல் தாளில் அவன் பெயர்.
என் பெயர் இரண்டாம் தாளில் என்றார்கள்.
இரண்டாம் தாளை யாரும் வாசிக்கவில்லை.

பிறகு கொழும்பு. பி பிரிவுக் கழகம்.
கிழமை நாளில் வெல்லம்பிட்டியில் சீமெந்து மூட்டை இறக்கினான்,
ஞாயிறுகளில் வாங்கில் உட்கார்ந்து
மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் நிரப்பினான்.
இரண்டு வருஷம்.
இரவு பத்துக்குக் குரல் செய்தி வரும்:
"இன்னைக்கும் எறக்கல மச்சான்."
ஓட்டோவை ஓரங்கட்டிக் கேட்பேன்.
ஒருநாள் எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாம் வருஷம் ஏ பிரிவு.
இடது வெளிக்காரனுக்கு முழங்கால் போனது,
இவனுக்கு இடம் வந்தது.
சட்டை முதுகில் புவநேசன் என்று அடித்திருந்தார்கள்.
தட்டுப் போலத் தரை, துடைத்து வைத்த வானம்.
முதல் பந்தையே தலைக்கு மேல் விட்டான்.
இரண்டாவதையும்.
அங்கே அலுமினிய மட்டை.
எந்த அடிக்கும் ஒரே சத்தம், 'டிங்'.
"காது செத்துப்போச்சுடா" என்றான்.

மாலைகளில், மற்றவர்கள் அடித்துப் பழகும் வலைக்கு
முதுகைக் காட்டி உட்கார்ந்தானாம்.
ஒவ்வொரு டிங்குக்கும் விரலால் தூரம் சொல்வானாம்.
காவற்காரர் பைத்தியம் என்று நினைத்துப் பாண் கொடுத்தாராம்.
நாலாம் மாதம் செய்தி வந்தது:
"மச்சான், அஞ்சு டிங் இருக்கு."

கடைசிக்கு முந்திய ஆட்டம் நுவரெலியாவுக்கு ஏறி வந்தது.
தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையப் போனோம்.
அரைப்பேர் போனால் போகட்டும் என்று அவன் அம்மாவும் வந்தார்,
எது ஓட்டம், எது அவுட் என்று
கடைசிவரை என்னைக் கேட்டுக்கொண்டே.
ஏழாம் இன்னிங்ஸில் மூட்டம் இறங்கியது.
நிறுத்தலாமா என்று நடுவர்கள் கூடிப் பேசி
இன்னும் ஒரு பந்து என்றார்கள்.

டிங்.

கொழும்புப் பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
அவன் திரும்பி ஓடினான்.
வெள்ளைக்குள் முதலில் அந்தப் பிழையான பெயர் போனது,
பிறகு கால்கள்.

நடுவரும் ஓடினார், தொப்பையோடு, மெதுவாக.
அவர் போய்ச் சேர்ந்தபோது
அவன் எழுந்து பந்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றானாம்.
பிடித்தானா, பொறுக்கினானா?
பார்க்காததை அவுட் என்று சொல்ல முடியாது என்றார்.
நியாயம்தான்.
இரண்டு பேர் ஓடி வீடு சேர்ந்தார்கள். தோற்றோம்.
அவன் எதுவும் சொல்லாமல்
கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டே வந்தான்.

பதிவுப் புத்தகத்தில் அது அடியாக இருக்கிறது.
அவன் முதல் பருவத்தின் கணக்கில் அந்தப் பிடி இல்லை.

எட்டு வருஷம் மூட்டத்துக்குள் அவன் பக்கத்தில் நின்றவன் நான்.
புல்லில் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று தெரியும்.
அன்றைக்குக் கேட்டது தோல்.
இதையும் எழுதி வைக்கிறேன்.