தூக்கக்கூடாது

எட்டுப் பேர் வருவார்கள் என்று
எட்டுக் கிளாஸில் பிளேன்ரீ ஊற்றி வைத்திருந்தார் மிஸ் பார்த்தலட்.
வந்தது மூன்று பேர்.
அதிலும் ஒருவன் இடுப்பில் பெல்ட் கட்டியவன்.
அவன்தான் நான்.

சீமெந்து மூடை இறக்கி இறக்கி
முப்பத்தொரு வயதில் பிதுங்கியது என் முதுகுத் தட்டு.
பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"ஐந்து கிலோவுக்கு மேல் தொடாதே" என்றார்.
அன்றிலிருந்து
பாரமான சாமான் ஏற்றும் தொழிலில் இருக்கிறேன்.

புளியந்தீவு வீடு விற்றாயிற்று.
திங்கட்கிழமை சாவி கைமாறும்.
பியானோ நாவற்குடாப் பல்டாக்டருக்கு.
முந்நூறு கிலோதான் இருக்கும் என்றார் மிஸ்,
பெற்ற பிள்ளையின் நிறையைச் சொல்வது போல
கொஞ்சம் குறைத்து.

கிருபைராசா உள்ளங்கையைத் தேய்த்தான்.
தேய்க்காதே என்றேன்,
இது கையால் செய்கிற வேலை இல்லை.

முதலில் மேல்மூடி. பிணைச்சல் ஊசியை உருவி
போர்வையில் சுற்றிச் சுவரோடு சாத்து.
கட்டைகளின் மூடியைப் பூட்டு,
பூட்டுப் பிடிக்காவிட்டால் சீலைத் துண்டால் கட்டு.
ரேப் ஒட்டாதே, பொலிஷ் உரிந்து வரும்.
மறுகா மிதிகளும் அதன் தண்டும்:
அதைக் கீழே படுத்துத்தான் கழற்ற வேணும்.
படுக்கிற வேலை எல்லாம் எனக்கு.

பியானோவின் வயிற்றில், பலகையில்,
யாரோ பென்சிலால் ஒரு இலக்கமும்
அந்நிய எழுத்தில் செவ்வாய்க்கிழமை என்றும் எழுதியிருந்தான்.
எந்த ஊர்ச் செவ்வாயோ.
அவனுக்கும் முதுகு நொந்திருக்கும்.

இனித்தான் விசயம்.
மூன்று காலில் எதை முதலில் எடுப்பது?
வாசிப்பவரின் இடக்கைப் பக்கம், தடித்த தந்திகளின் பக்கம்,
வளையாத விளிம்பு தொடங்கும் மூலை.
ஜௌபர் லொறி ஜாக்கியின் மேல் கட்டை வைத்து
நாலு விரற்கடை உயர்த்தினான்.
நான் காலைத் தட்டிக் கழற்றினேன்.
அதன் கீழே எட்டாய் மடித்த ஒரு கலண்டர் தாள்,
தரை சரிவுக்கு முண்டு கொடுத்த ஒக்டோபர்.
நாவற்குடாத் தரை எப்படியோ,
ஆணிகளோடு அதையும் ஒரே பையில் போட்டேன்.

இறக்கு என்றேன்.
ஜாக்கி இறங்க இறங்க
தன் பாரத்தைத் தானே சுமந்து
மெத்தை விரித்த பலகையில் மண்டியிட்டது பியானோ.
வளைந்த பக்கத்தில் இருவர் தோள் கொடுக்க,
இடுப்பொடியாமல் எழுந்து
விளிம்பில் நின்றது.

அப்போது உள்ளே
எல்லாத் தந்தியும் ஒருமிக்க முனகின.
மிஸ் ஓடி வந்தார்: "என்ன அது?"
"ஒண்டுமில்ல மிஸ், திரும்பிப் படுக்குது."

மற்ற இரண்டு காலும் பழம் போல வந்தன.
கீழே சில்லுப் பலகை.
ஒரு விரலால் தள்ள, வாசல்வரை நடந்தது.

வாசலில் மூன்று படி.
ஆட்களை ஒடிக்கிற இடம் இது.
இரண்டு பாலைப் பலகையைச் சரித்தோம்.
கரைவலைக் கயிறொன்றைப் பியானோவில் கட்டி
விறாந்தைத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
கீழே ஒருத்தரும் நிற்கக்கூடாது என்றேன்.
பிறகு
கயிற்றின் மறுநுனியை
மிஸ் பார்த்தலட்டின் கையில் கொடுத்தேன்.

எழுபத்தாறு வயது. நாற்பது கிலோ தேறாது.
"எனக்கு ஒண்ணா" என்றார்.
"தூண்தான் கா பிடிக்குது. நீங்க விட்டாக் காணும்."

விட்டார். நின்றது.
இன்னும் ஒரு சாண் விட்டார்.
தூண் கிறீச்சிட்டது, கயிறு சூடானது,
முந்நூறு கிலோ அவர் சொன்னபடி
ஒவ்வொரு சாணாக இறங்கியது.
உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்,
ஏதோ எண்ணிக்கொண்டும் இருந்தார்.
நாலு நாலாகத்தான் எண்ணியிருப்பார்.

லொறியில் ஏற்றி, பட்டி இறுக்கி,
இரண்டு கிழமை கழித்துத்தான் சுருதி சேர்க்கலாம்,
புது வீட்டுக் காற்றுப் பழக வேணும் என்று
டாக்டருக்குச் சொல்லச் சொன்னார்.

கூலி கேட்டேன்.
"நீங்கள் தூக்கவே இல்லையே,
எட்டுப் பேர் காசா கேட்கிறாய்?"
"தூக்காததுக்குத்தான் மிஸ் காசு."

யோசித்தார்.
கைப்பையைத் திறந்து தாள்களை நாலாகப் பிரித்தார்.
மூன்றை என்னிடம் தந்தார்.
நாலாவதைத் திரும்ப உள்ளே வைத்து
பூட்டினார்.

நான் ஒன்றும் பேசவில்லை. நியாயம்.

லொறி கிளம்பும்போது பார்த்தேன்.
எங்களுடையது போக
ஐந்து கிளாஸ் ஆறிக் கிடந்தது.
ஒன்றை எடுத்துக்கொண்டு
படியிலேயே இருந்து
குடிக்கத் தொடங்கினார்.