போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

ஆயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்.
மூன்று மணி, பத்து நிமிடம்.
தொலைபேசியை எடுத்ததும் இதைத்தான் சொல்வேன்,
பெயர் கேட்பதற்கும் முன்னால்.
சராசரி என்ற சொல்லை மட்டும் மென்று விழுங்கிவிடுவேன்.
பதினொரு வருடமாகச் சொல்கிறேன்
ஒரு தடவைகூடப் போகாத ஊருக்கு.

உலான்பாட்டர் கரிப்புகைக்குள்ளிருந்து
விமான நிலையம் போய்ச்சேர ஒன்றேகால் மணி,
சாலை அடைத்துக்கொண்டால் இரண்டு.
அதை யாரும் கேட்பதில்லை,
நானும் சொல்வதில்லை.

இதே ஹோவ்துக்கு லாரி ஓட்டுகிறவன்
என் கணவன் சுக்தொமோர்.
அவன் கணக்கில் கிலோமீட்டரே வராது.
"நாலு பிளாஸ்க் தேநீர், ரெண்டு ராத்திரி.
ஆறு பெருகினா மூணு.
டயர் வெடிச்சா வானத்தைக் கேள்."

போன பனிக்காலம் போனவனுக்கு
திரும்பும் வழி மட்டும் மறந்துபோயிற்று.
பனி உருகியதும் ஒரு தாள் வந்தது:
ஹோவ்த் நீதிமன்றம், செப்டம்பர் பதினான்கு,
காலை பதினொன்று, நேரில்.

எனக்கு நானே டிக்கெட் போட்டேன்,
ஊழியருக்குப் பாதி விலை.
"எவ்வளவு நேரமாகும்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
வாய் தானாகச் சொன்னது.

ஆனால் மேற்கிலிருந்து காற்று.
விசிறிகள் இரண்டும் மூச்சிரைத்தன.
கீழே ஒரே மேடு, அதில் ஒரே வெள்ளைக் கூடாரம்,
கால்மணி நேரமாக ஜன்னலைவிட்டு நகரவில்லை.
மூன்றே முக்கால் ஆயிற்று.
போகாதே என்று என்னைத் தடுத்துப் பார்த்தது
அந்தக் காற்று ஒன்றுதான்.

இறங்கினால் கடிகாரம் ஒரு மணி பின்னால்.
தெரிந்ததுதான்,
என் மேஜைக் கண்ணாடிக்கடியில் அச்சிட்டு வைத்திருக்கிறேன்.
இன்னும் நடக்காத ஒரு மணி கையில் எப்படிக் கனக்கும்
என்று அதில் எழுதவில்லை.
பாப்ளர் மரங்களுக்கடியில் தர்ப்பூசணிக் குவியல்.
யாருடைய வண்டியோ,
பின்பலகையில் உட்கார்ந்து கத்தியால் கீறித் தின்றேன்.
சட்டைக் கையெல்லாம் சாறு.

அவன் வந்தான்.
ஒட்டவெட்டிய தலை, நகக்கண்ணில் கிரீஸ்.
நீதிபதியம்மாள் மூன்று கேள்வி கேட்டாள்.
ஒன்பது நிமிடம்.

வாசலில் நின்று கேட்டான்:
"விமானத்துல எவ்வளவு நேரம் ஆகுது?"
பதினொரு வருடத்தில் முதல்முறையாக.
நான் சொல்லவில்லை.
போய் வருகிறேன் என்று தொண்டைவரை வந்ததை
போகிறேன் என்று திருத்தினேன்.

மறுநாள் அதே காற்று
முதுகில் கைவைத்துத் தள்ளியது.
மடியில் எட்டுக் கிலோ தர்ப்பூசணி,
அவன் வாங்கித் திணித்தது.
இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம்.
மலை தாண்டியதும் அழலாம் என்று
ஒத்திப்போட்டு வைத்திருந்தேன்,
அதற்குள் சக்கரங்கள் இறங்கிவிட்டன.

இன்று காலை முதல் அழைப்பு.
ஒரு பெண், பின்னணியில் குழந்தையின் இருமல்.
"ஹோவ்துக்கு எவ்வளவு நேரம்?"

"போகவா, வரவா?" என்றேன்.

அந்தப் பக்கம்
வெகுநேரம் பேச்சில்லை.